ஆடவல்லான் மரக்கால்: தஞ்சை என்ற தலைநகரத்தின் கணக்கு

1

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கிற ஒரு மரக்காலுக்குப் பெயர் இருக்கிறது: 'ஆடவல்லான்'. ஆடுகிற சிவனின் பெயர் அது. இந்த மரக்கால் 'இராசகேசரி' என்ற அரச மரக்காலோடு ஒக்கும் என்றும் கல்வெட்டு சொல்லிவைக்கிறது. கடவுள் அளந்தாலும் ராஜா அளந்தாலும் அளவு ஒன்றுதான். யாரும் தகராறு பண்ண முடியாது. 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பேரரசு இந்தச் சின்னப் பாத்திரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

தஞ்சையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். விமானத்தின் உயரம் எவ்வளவு, உச்சிக் கல்லை எப்படி ஏற்றினார்கள், நிழல் தரையில் விழுமா விழாதா என்று அவர்கள் பார்வை மேலேயே நின்றுவிட்டது. நாம் கொஞ்சம் குனிந்து மரக்காலைப் பார்ப்போம். ஒரு ஊரைத் தலைநகரமாக்குவது கோயிலா, கோட்டையா, அரண்மனையா? மற்றவன் விளைத்த நெல்லை அளக்கிற பாத்திரம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்தான் தலைநகரம் என்று இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது. தஞ்சையின் ஆயிரம் வருஷத்தை இப்படிப் பார்த்தால் வம்சங்களின் வரிசை கொஞ்சம் மங்கிப்போகும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஐரோப்பியத் தலைநகரங்களின் வரலாற்றில் 'கூட்டம்' என்று ஒரு பாத்திரம் வரும். பாரிசை எடுத்துக்கொள்ளுங்கள். 1789 அக்டோபர் 5ஆம் தேதி, ரொட்டி கிடைக்காத பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போனார்கள். மறுநாள் ராஜாவைக் குடும்பத்தோடு பாரிசுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பாரிசின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தப் பெண்களை விட்டுவிட்டு எழுத முடியாது. தஞ்சாவூருக்கு இப்படி ஒரு கூட்டம் இல்லையா? இருந்தது. ஆனால் அது நகரத்துக்குள் இல்லை. வரப்பிலும் களத்திலும் சேரியிலும் இருந்தது. நகரத்துக்குள் இல்லாததால் நகரத்தின் வரலாற்றுக்குள்ளும் அது வரவில்லை. நமக்கு முன்னால் உள்ள பிரச்சினை இதுதான்.

2

தஞ்சாவூர் காவிரிக்கரையில் இல்லை. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது ஆச்சரியம். ஊர் டெல்டாவின் ஓரத்தில் இருக்கிறது. தெற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. வடக்கே வயல். திருவையாற்றுக்கு பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள் வரும். வெள்ளம் ஏறாத மேட்டில் நின்றுகொண்டு விளைகிற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. களத்து மேட்டில் குடைபிடித்து நிற்கிற பண்ணைக் காரியக்காரர் மாதிரி.

சுமார் 850இல் விஜயாலயன் இந்த ஊரை முத்தரையரிடமிருந்து பிடித்தான். 985இல் பட்டத்துக்கு வந்த முதலாம் இராசராசன் நிலத்தை அளக்க ஏற்பாடு செய்தான். அளவை வேலையை நடத்திய சேனாபதிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம். மூன்றடியால் உலகை அளந்த திருமாலின் பெயர் இப்போது சர்வே அதிகாரிக்கு வந்துவிட்டது. வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழே கீழ்முந்திரிகை என்று பின்னத்துக்குள் பின்னமாக நிலம் கணக்கில் ஏறியது. 1010இல் விமானத்துக்குக் கலசம் வைத்தபோது, அதைத் தாங்கிய சுவர் ஒரு பெரிய கணக்குப் புத்தகமாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரில் ஒரு கணக்கு: பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 'தளிச்சேரிப் பெண்டுகள்' தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்துக்கு 100 கலம் நெல். 400 பேருக்கு வருஷத்துக்கு 40,000 கலம். நட்டுவனார், பாடுகிறவர், மத்தளக்காரர், கணக்கர், தச்சர், நாவிதர் பங்கு தனி. இந்த நெல் சோழ மண்டலத்திலிருந்து மட்டும் வரவில்லை. பிடித்த நாடுகளின் ஊர்களிலிருந்தும் வந்தாகவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதில் ஈழத்து ஊர்களும் உண்டு. யுத்தம், கோயில், நாட்டியம் எல்லாம் கடைசியில் அளக்கிற பாத்திரத்தில் வந்து சேர்கின்றன.

இன்னொரு கணக்கும் அதே சுவரில் இருக்கிறது. அதைப் பற்றி நம் 'பொற்கால' வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை. ஓர் ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு அதில் இறை கட்டாத நிலத்தைக் கழிக்கிறார்கள்: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரின் ஊடே போகிற வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரியும் பறைச்சுடுகாடும் தனியாக. கழித்தது போக மிச்சம்தான் விளைநிலம். அதற்குத்தான் கலம் கணக்கு.

இந்தக் கழித்தலை யோசித்துப் பாருங்கள். ஆடுகிற 400 பெண்களுக்கும் பெயர் இருக்கிறது. வயலில் இறங்கி அந்த நெல்லை விளைத்தவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அவர்கள் குடியிருந்த இடம் மட்டும், குளத்தோடும் சுடுகாட்டோடும் ஒரே வரிசையில், வரி வராத நிலமாகக் கழிக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றில் சேரி இல்லை என்று சொல்ல முடியாது. கல்லில் வெட்டியே இருக்கிறது. ஆனால் கழித்தல் குறிக்குப் பின்னால் இருக்கிறது.

3

இராசராசனின் மகன் இராசேந்திரன் தலைநகரத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போனான். கோயில் இருந்தது, நிலம் இருந்தது, தஞ்சை மட்டும் ஒரு படி இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டுக்குள் வந்தான். தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததாகவும், இடித்த இடத்தைக் கழுதை கட்டி உழுது கவடி விதைத்ததாகவும் அவன் மெய்க்கீர்த்தி பெருமை அடித்துக்கொள்கிறது.

நகரத்தை வயலாக்கிவிட்டேன் என்று சொல்வதுதான் ஓர் அரசன் இன்னோர் அரசனுக்குத் தருகிற உச்சபட்ச அவமானம். உழுகிற தொழிலை அதிகாரம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஏறத்தாழ 300 வருஷம் தஞ்சை எந்தப் பெரிய அரசுக்கும் தலைநகரமாக இல்லை. அதனால் டெல்டாவில் நெல் விளையாமல் போய்விட்டதா? ஆறுகள் வந்தன, நாற்று நட்டார்கள், அறுத்தார்கள். தலைநகரம் இல்லாமல் வயல் இருந்தது. வயல் இல்லாமல் தலைநகரம் இருந்ததாக எங்கேயும் சரித்திரம் இல்லை. பாடப்புத்தகம் இந்த 300 வருஷத்தை 'வீழ்ச்சி' என்று ஒரு வரியில் தாண்டிப்போகிறது. யாருக்கு வீழ்ச்சி என்று கேட்பதற்கு அந்த வரியில் இடமில்லை.

4

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விஜயநகரத்தின் ஆளாக வந்த செவ்வப்ப நாயக்கர் தஞ்சையை மறுபடியும் தலைநகரமாக்கினார். இன்று நாம் நடக்கிற கீழவீதி, மேலவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி, கோட்டை, அகழி எல்லாம் நாயக்கர் போட்ட வரைபடத்தில் வளர்ந்தவை. அரண்மனை மொழி தெலுங்கு. அளந்த நெல் தமிழ் பேசுகிறவன் விளைத்தது.

1620இல் இரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அந்த ஊர் தஞ்சாவூர்த் தங்கத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. தஞ்சாவூர் தன் உழவர்களைப் பத்திரப்படுத்தியதா என்பது அடுத்த கதை.

அவர் மகன் விஜயராகவ நாயக்கர் அன்னதானத்துக்குப் பெயர் போனவர். தினமும் ஆயிரக்கணக்கான பிராமணர்களுக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் அவர் இலையில் உட்காருவார் என்று கதை. தஞ்சாவூர் அன்னதானத்தை வைத்து அவருடைய அவையில் தெலுங்கில் ஒரு நாடகமே எழுதப்பட்டது. இப்போது அதே ராஜா, அதே சீமை, 1659 முதல் 1661 வரை. பீஜப்பூர் படைகள் வந்து போயின. பஞ்சம் வந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்திருந்த டச்சுக் கம்பெனி, சோழமண்டலக் கரையில் சோறில்லாமல் நின்றவர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. இராசராசன் காலத்தில் ஈழத்து நெல் தஞ்சைக்கு வந்தது. நாயக்கர் காலத்தில் தஞ்சாவூர் மனுஷனே ஈழத்துக்குச் சரக்காகப் போனான்.

அன்னதானமும் அடிமை ஏற்றுமதியும் முரண் மாதிரித் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே மரக்காலின் இரண்டு பக்கம். யாருக்குச் சோறு போடணும், யாரை விடணும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரோடு நடந்த சண்டையில் விஜயராகவர் செத்தார். அரண்மனைப் பெண்கள் வெடிமருந்தில் மாண்டார்கள். சில வருஷங்களுக்குள், சிவாஜியின் மாற்றாந்தாய் சகோதரர் ஏகோஜியின் கைக்கு ஊர் போனது. அரண்மனை மொழி மராட்டியானது. நெல் கணக்கு மோடி எழுத்துக்கு மாறியது.

5

18ஆம் நூற்றாண்டில் மரக்கால் மெல்ல ஊரை விட்டுக் கிளம்பியது. 1773இல் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்தது. கவர்னர் பிகட் 1776இல் துளஜா ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் குறுக்கே வந்தார். நவாபுக்கும் மற்றவர்களுக்கும் தான் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடு தஞ்சாவூர்ச் சீமையின் வருவாயும் விளைந்து நிற்கும் பயிரும் என்றும் சொன்னார். தொகை 2,30,000 பவுனுக்கு மேல். சாதாரண சம்பளக்காரர் ஒருவரிடம் இவ்வளவு பணம் ஏது என்று கேட்காதீர்கள். இந்தத் தகராறில் பிகட்டை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்து காவலில் வைத்தார்கள். 1777இல் காவலிலேயே செத்துப்போனார். 1785இல் நவாபின் கடன்கள் பற்றி எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் பேசினார். அறுக்காத தஞ்சாவூர் நெல்லை அடகு பிடித்தவர்கள் லண்டனில் ஓட்டும் செல்வாக்கும் உள்ளவர்களாக ஆகியிருந்தார்கள்.

1781இல் ஐதர் அலியின் படை டெல்டாவை நாசம் பண்ணியது. அந்தப் போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் தெருவில் விழுந்து செத்தார்கள். கோட்டைக்கு வெளியே சீமையில் நெல் இருந்தது. ராஜாவும் கம்பெனியும் கேட்டும் குடியானவர்கள் மாடும் தரவில்லை, நெல்லும் தரவில்லை. முன்பு எடுத்ததற்குக் காசு வந்து சேரவில்லை. அவர்கள் சொல்லை எவனும் நம்பத் தயாராயில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் பாதிரியார் "நான் பணத்துக்குப் பொறுப்பு" என்ற பிறகே சுமார் 1,000 மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. இதைச் சொல்வது அவருடைய கடிதம்.

இதைப் பாதிரியாரின் நல்ல குணத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இன்னொன்றையும் பார்க்கணும். ஊர்க்காரர்கள் நெல்லைக் கொண்டுவராமல் நிறுத்தினால் தலைநகரம் சில வாரங்களில் செத்துப்போகும் என்பது அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது. பாரிஸ் பெண்கள் அரண்மனையைத் தேடிப் போனார்கள். தஞ்சாவூர்க் குடியானவர்கள் அரண்மனைக்குப் போகாமல் இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த 'போகாமல் இருத்தல்' ஒரு அரசியல் செயல் என்று நம் வரலாறு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நெல்லை வைத்திருந்தவர்களில் மிராசு உள்ளவர்களும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. சேரிக்காரன் கையில் பிடித்துவைக்கவும் நெல் கிடையாது.

6

1799 அக்டோபரில் இரண்டாம் சரபோஜி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். நாட்டு நிர்வாகம் கம்பெனிக்கு. ராஜாவுக்கு வருஷம் 1,00,000 வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். ஆள்வதற்குத் தஞ்சைக் கோட்டை மட்டும். அதாவது அரண்மனை, வீதி, கோயில், அகழி எல்லாம் ராஜாவிடம் இருந்தன; மரக்கால் மட்டும் போய்விட்டது. நம் அளவுகோல்படி தஞ்சாவூர் தலைநகரமாக இருந்தது அன்றோடு முடிந்தது.

சரபோஜியின் அறிவுத் தாகம் உண்மையானது. சரஸ்வதி மகாலில் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும் இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1803இல் அவர் பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராட்டியில் வெட்டவைத்தார். இராசராசன் சுவரில் கணக்கு எழுதினான். சரபோஜி கதை எழுதினார். அளக்கிற அதிகாரம் உள்ளவனுக்குக் கணக்கு தேவைப்படுகிறது. அது போனவனுக்குப் பெருமை தேவைப்படுகிறது. நெப்போலியனை இங்கிலாந்து ஜெயித்ததற்காகச் சாளுவநாயக்கன்பட்டினம் கடற்கரையில் மனோரா கோபுரம் எழும்பியதும் இந்தக் காலத்தில்தான்.

1855இல் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தோடு சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். அது அரசின் செயல், அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. இதைப் படிக்கும்போது நம்மவர்களுக்கு ராணிமேல் இரக்கம் வரும். வரட்டும். எடுத்துக்கொண்டதற்கு நியாயம் கேட்க இடமில்லை என்ற அனுபவம் சேரிக்கு 1859இல் வந்த புதுச் செய்தி இல்லை.

1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது. நெல் மூட்டை துறைமுகத்துக்குப் போனது. அதே துறைமுகத்திலிருந்து பண்ணையாட்களும் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. கல்லணைக் கால்வாய், நம் ஊர்ப் பேச்சில் 'புது ஆறு', தஞ்சை நகரத்தின் நடுவே பாய்ந்தது. தண்ணீர் கூடியது, சாகுபடி கூடியது. களத்தில் கூலி அளந்த படி கூடவில்லை.

7

20ஆம் நூற்றாண்டில் மரக்கால் சண்டை களத்து மேட்டுக்கே வந்துவிட்டது. பண்ணையில் இரண்டு மரக்கால் இருக்கும் என்று தஞ்சை வட்டாரத்தில் பழைய ஆட்கள் சொல்வார்கள்: வாங்குறதுக்குப் பெரிசு, கொடுக்குறதுக்குச் சின்னது. ஆடவல்லானும் இராசகேசரியும் ஒத்துப்போகும். மிராசுதார் வீட்டு மரக்கால்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. 1943இல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் தொடங்கிய விவசாயச் சங்கம், சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்டுகளின் உழைப்பில் பரவியது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியணும் என்பதோடு முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கணும் என்றும் அவர்கள் கேட்டார்கள். 900 வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்காக அரசு நிலைநிறுத்திய அளவை, பண்ணையாள் முதல்முறையாகத் தனக்காகக் கேட்டான்.

1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்றது. பண்ணையாள் கூலியை மரக்கால் கணக்கில் நிர்ணயித்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6 2/3 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கே சட்டம் பொருந்தும் என்று ஓட்டையும் வைத்தது. ஒரு வேலி! தளிச்சேரிப் பெண்ணின் பங்கை அளந்த அதே அளவு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கௌரவமான நிலச்சுவான்தார்கள் தாமே நேரில் போய்த் தீ வைப்பார்கள் என்று நம்புவது அதற்குக் கடினமாக இருந்தது. சேரி மறுபடியும் கழிக்கப்பட்டது.

முந்தின வருஷம், 1972இல், பெரிய கோயிலுக்கு வெளியே இராசராசனுக்குச் சிலை வைத்தார்கள். 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழா. 2019இல் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், இராசராசன் காலத்தில்தான் தலித்துகளின் நிலம் பறிபோனது என்று பேசியதற்கு வழக்குப் பதிந்தார்கள். அவர் சொன்னதை விவாதிக்கலாம், மறுக்கலாம். கல்வெட்டு இருக்கிறது, படித்துப் பேசலாம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் எதற்கு? ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கணக்கைக் கேட்டால் இன்றைக்கு யாருக்கோ கோபம் வருகிறதென்றால், அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

2023இல் திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் டில்லிப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சோழ மரபு தலைநகரத்துக்குப் போய்விட்டதாகச் சிலருக்குப் பூரிப்பு. மரக்கால் அதற்கு முன்பே டில்லிக்குப் போய்விட்டது. இன்று டெல்டாவில் அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அறுப்பு நேரத்தில் மழை பெய்தால், அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்கு எழுதணும். அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப்போய், பதில் வருவதற்குள் மூட்டையில் நெல் முளைத்துவிடும். அளக்கிறவன் எங்கேயோ, அதுதானே தலைநகரம்.

அப்படியானால் தஞ்சையின் வரலாற்றை இனி எப்படி எழுதுவது? கோயில் சுவரில் கழித்தவற்றை மட்டும் ஊர் ஊராகப் பட்டியல் போடலாம். எந்தச் சேரி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கலாம். மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் தமிழாக்கி வெளியிட்டது. அதில் ராஜாவின் யானையை விட்டுவிட்டு, கூலியாளுக்கு என்ன அளந்தார்கள் என்று தேடலாம். பண்ணைக் கணக்கு நோட்டுகள் பரணிலிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கலாம். களத்தில் நின்று கூலி வாங்கிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பண்ணையில் எந்தப் படி, எத்தனை பிடி குறைந்தது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் பெயரோடு அதை எழுதிவைக்கிற வேலை நமக்கு முன்னால் கிடக்கிறது.